கொய்யா இலைக் கஷாயமும் அண்ணியின் இரும்பு மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழ மரங்களில் இருக்கும் பாக்டீரியா எதிர்ப்புப் பொருட்கள் பற்றிப் போன வாரம் வந்த கட்டுரையை நகரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகவே வாசித்தேன். கொய்யா இலை, மாதுளைத் தோல், மாங்கொட்டைப் பருப்பு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, தினமும் கஷாயம் வைத்துக் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்கிற மாதிரி முடித்திருந்தீர்கள். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த எங்கள் அண்ணி, "திரும்பவும் ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று சிரித்தார். அவருக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

நாட்டு வைத்தியம் என்றாலே உதட்டைப் பிதுக்குகிற ஆள் இல்லை நான். எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர்க் கட்டு எங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சமாசாரம், சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தபோது நானும் போட்டுக்கொண்டவன்தான். ஆனால் பிழைப்புக்கு ஒரு காலேஜில் நுண்ணுயிரியல் லேப் உதவியாளராக 30 வருஷம் இருந்தேன். இலைச்சாறு பரிசோதனை என்று வருகிற பிள்ளைகளுக்கு கிருமி வளர்க்கும் அகார் என்ற ஜெல்லியைக் காய்ச்சித் தட்டில் ஊற்றிக் கொடுத்த கை இது. அந்தத் தட்டில் கிருமியைப் பரப்பி, நடுவில் சாறு நனைத்த காகித வில்லையை வைத்தால் மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வட்டம் தெரியும். பிள்ளைகள் குதிப்பார்கள், நானும் சந்தோஷப்படுவேன். ஆனால் அதே தட்டின் இன்னொரு ஓரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வில்லையில் மருந்து வெறும் 5 மைக்ரோகிராம்தான். இலைச்சாற்றையோ பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் ஊற்றியிருப்பார்கள், அதாவது நூறு, ஆயிரம் மடங்குக் கணக்கு. அதுவும் மெத்தனால் என்ற ரசாயனத்தில் ஊறவைத்து வடித்த சாறு. வீட்டில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் அதே பொருள் அதே அளவில் இறங்கும் என்று யார் சொன்னது?

சரி, அது கிடக்கட்டும். உங்கள் கட்டுரை விட்டுவிட்ட முக்கியமான விஷயம், இந்தப் பொருட்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது. மாங்கொட்டைப் பருப்பைக் கடித்தால் நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு இருக்கிறதே, அது டானின். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்காரர்கள் அந்தப் பருப்பிலிருந்து காலோடானின் என்ற வகையைத் தனியாகப் பிரித்துப் பல கிருமிகள் மேல் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். அது இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, இரும்பு கிடைக்காத பாக்டீரியா வளர முடியாமல் நின்றுவிடுகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் வகைக் கிருமிகள் சுலபமாக அடங்கின, வெளிச்சவ்வு இருக்கிற கிராம் நெகட்டிவ் வகைகள் அவ்வளவு சுலபத்தில் அடங்கவில்லை, இரும்பு பெரிதாகத் தேவைப்படாத லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் (பாலைத் தயிராக்குகிற வகை) தப்பித்துக்கொண்டன.

டானினும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி கலந்து மை காய்ச்சினார்கள். கடுக்காய் டானின், அன்னபேதி இரும்பு உப்பு, இரண்டும் சேர்ந்தால் கறுப்பு. எங்கள் பாட்டி இரும்பு அரிவாள்மனையில் மாவடுவை நறுக்கவே விடமாட்டார், கறுத்துப்போகும் என்று.

இப்போது அண்ணியின் கணக்குக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ இதே மாதிரி ஒரு குறிப்பைப் படித்துவிட்டு, கிருமி அண்டாது என்று தினமும் காலைச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் கொய்யா இலைக் கஷாயம் குடிக்க ஆரம்பித்தார். கொய்யா இலையிலும் டானின் தாராளம். அதே நேரத்தில் ரத்த சோகைக்கு இரும்பு மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் அந்தக் கஷாயத்திலேயே விழுங்கியிருக்கிறார்! மூன்று மாசம் ஆகியும் ஹீமோகுளோபின் எட்டிலேயே உட்கார்ந்திருந்தது. திருத்தணியில் பார்த்த டாக்டரம்மா, "மாத்திரையோடு டீ குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டபோதுதான் கஷாய விஷயம் வெளியே வந்தது. டீயில் இருக்கிற டானினும் இதே வேலையைத்தான் செய்கிறது, சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாது. கஷாயத்தை நிறுத்தி, மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போட ஆரம்பித்த பிறகு ஹீமோகுளோபின் மெல்ல ஏறியது. கஷாயம் ஒன்றுதான் காரணம் என்று சத்தியம் செய்யமாட்டேன், அந்தச் சமயம் அவர் சாப்பாடும் கொஞ்சம் தேறியிருந்தது.

பாக்டீரியாவைப் பட்டினி போடுகிற அதே கை நம் ரத்தத்துக்குப் போகவேண்டிய இரும்பையும் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும் ஐயா. நம் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்த சோகை என்று உங்களுக்கே தெரியும்.

மற்றபடி மாங்கொட்டை ஆராய்ச்சி நடக்கட்டும், இன்னும் அதிகமாகவே நடக்கட்டும். சித்தூர் பக்கம் சீசனில் வந்து பாருங்கள், கூழ் ஃபேக்டரிகளில் கிளிமூக்கு மாங்காயைப் பிழிந்துவிட்டுத் தள்ளும் கொட்டை மலைபோல் கிடக்கும், மழை பெய்தால் அந்தப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் போக முடியாது. அதிலிருந்து டானினைப் பிரித்து உணவுப் பொருள் கெடாமல் காக்கவோ, வெளிப்பூச்சு மருந்துக்கோ பயன்படுத்த முடிந்தால் எங்கள் விவசாயிக்கும் நாலு காசு வரும். வயிற்றுக்குள் ஊற்றுவது வேறு விவகாரம்.

அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். எங்கள் தெருவில் உங்கள் இதழ் ஒரே ஒரு பிரதிதான் வருகிறது, ஆனால் பன்னிரண்டு வீடு சுற்றுகிறது. போன வாரத்து இதழ் இப்போது நாலாவது வீட்டில் இருக்கிறது, அந்த வீட்டு வாசலில் ஒரு கொய்யா மரமும் இருக்கிறது.

இப்படிக்கு,
நகரியிலிருந்து ஒரு வாசகர்