மாத்திரை கொடுக்கும்போதே நிற்க வைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனை எலும்பு முறிவு வார்டில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். ஐப்பசி மழை தொடங்கினாலே எனக்குப் பாசி பிடித்த கொல்லையும் ஈரம் காயாத குளியலறையும்தான் நினைவுக்கு வரும். இடுப்பு முறிந்து வரும் பெரியவர்களைத் தூக்கி வருகிறவர்கள், "வயசாயிடுச்சு சிஸ்டர், என்ன பண்றது?" என்பார்கள். அந்தப் பேச்சை நாம் விட்டாக வேண்டும்.

தொடை எலும்பின் மேல்முனை உடைவதைத்தான் இடுப்பு முறிவு என்கிறோம். முதியவர்களுக்கு அது 90 விழுக்காட்டுக்கும் மேல் கீழே விழுவதால்தான் நேர்கிறது. மாடியிலிருந்து விழ வேண்டியதில்லை. நின்ற இடத்தில் பக்கவாட்டில் சாய்ந்தாலே போதும். மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிந்துபோன பெண்களுக்கு ஆபத்து அதிகம். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை. கழிப்பறைக்குப் போகவும் மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன்.

குளியலறையில் கைப்பிடி, ராத்திரி விளக்கு எல்லாம் அவசியம்தான். (துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக நம்பாதீர்கள், ஆள் பாரம் தாங்காது.) ஆனால் யாரும் திறந்து பார்க்காதது மாத்திரை டப்பாவை. பிரஷருக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு இன்னொருவர், நீர் பிரிய ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு எப்போதோ எழுதித் தந்த அல்பிரசோலம். நீர் மாத்திரையைச் சாயங்காலம் போட்டுக்கொண்டவர் நடுராத்திரியில் சிறுநீர் கழிக்க எழுகிறார். தூக்க மாத்திரையின் கிறக்கம் போகவில்லை. எழுந்த வேகத்தில் பிரஷர் இறங்கித் தலை சுற்றுகிறது. இருட்டில் நிலைப்படி இடறுகிறது. "வழுக்கி விழுந்தார்" என்றுதான் கேஸ் ஷீட்டில் ஏறும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு போய், எது தேவை, எதை எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

விழுந்தவரின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் எழுப்பி நடக்க வைக்காதீர்கள், எண்ணெய் போட்டு நீவாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். "இந்த வயசுல ஆபரேஷனா?" என்று குடும்பம் கூடிப் பேசியே நாட்கள் போய்விடுகின்றன. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் அறுவை சிகிச்சை செய்து எழுப்பி உட்கார வைப்பதுதான் பாதுகாப்பு. படுத்தே கிடந்தால் படுக்கைப்புண்ணும் நிமோனியாவும் வந்து சேரும்.

இதில் நம் மாநிலத்துக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அப்போதே பெரியவரைப் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுமுறை பிரஷர் பார்க்கலாமே! மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். இந்த ஆண்டு எங்காவது விழுந்தீர்களா என்றும் கேட்க வேண்டும். பிள்ளைகள் திட்டுவார்கள் என்று பலர் மறைத்துவிடுகிறார்கள்.

அதே திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. நாற்காலியில் கையூன்றாமல் எழுவது, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது போன்ற பயிற்சிகளை விழுவதற்கு முன்பே கற்றுத்தரலாம். சமநிலைக்கும் கால் வலுவுக்குமான பயிற்சிகளால் விழுவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று 2019-இல் வந்த, பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. வாக்கிங் மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

தன்னார்வலரின் பதிவேட்டில் "நின்றபின் பிரஷர்", "விழுந்தாரா" என்று இரண்டு கட்டங்களைச் சேர்க்க மக்கள் நல்வாழ்வுத் துறை இந்த மழைக்காலத்திலேயே உத்தரவிட வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கும்பகோணம்.