பட்ஜி ஸ்டாக்டனையும் நினைப்போம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண் பாடிபில்டர்கள் என்றாலே அந்தத் துறையின் உச்சப் பட்டமான மிஸ் ஒலிம்பியாவை 1980இல் முதன்முதலில் வென்ற ரேச்சல் மெக்லிஷிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறோம். அவருக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா கடற்கரையில் உடலை முறுக்கேற்றிக் காட்டியவர் ஆபி ‘பட்ஜி’ ஸ்டாக்டன். 1917இல் பிறந்தவர். டெலிபோன் ஆபரேட்டராக உட்கார்ந்தே வேலை பார்த்ததில் எடை கூடியது. பின்னாளில் கணவரான லெஸ், ஒரு ஜோடி டம்பெல்ஸ் வாங்கித் தந்தார். அப்புறம் பட்ஜி பயிற்சியை நிறுத்தவே இல்லை.

தலைக்கு மேல் நீட்டிய அவருடைய இரண்டு உள்ளங்கைகளில் லெஸ் தலைகீழாக நிற்பார். ஐந்தடி சொச்சம் உயரமுள்ள பெண்ணின் முகத்தில் அப்போதும் சிரிப்பு! பளு தூக்கினால் பெண்மை போய்விடும் என்று பயமுறுத்தியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் எழுத்து. 1944 முதல் சுமார் பத்து ஆண்டுகள் ‘ஸ்ட்ரெங்த் அண்ட் ஹெல்த்’ இதழில் பெண்களுக்காகவே பத்தி எழுதினார். 1947இல் அமெரிக்காவில் பெண்களுக்கான முதல் அங்கீகரிக்கப்பட்ட பளுதூக்கும் போட்டி நடக்கவும் துணை நின்றார். 2006இல் மறைந்த அவரைப் பற்றி விளையாட்டுப் பக்கத்தில் விரிவாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். ஜிம் வாசலில் தயங்கி நிற்கும் பெண்கள் அதைப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி