ஏல் என்பது இஞ்சி பானம் அன்று

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரில் வெளிவந்த மேலைநாட்டுப் பானங்களைப் பற்றிய கட்டுரையில், 'ஏல்' என்பது இஞ்சி சேர்த்த லேசான பியர் என்றும், அதைக் குடித்தால் போதை ஏறாது என்றும் எழுதப்பட்டிருந்தது. கட்டுரையாளர் நம் கடைகளில் டின்னில் கிடைக்கும் ஜிஞ்சர் ஏல் என்னும் குளிர்பானத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதிவிட்டார் போலும். அந்த டின்னில் பெயர் மட்டுமே ஏல்; மது கிடையாது. முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, ஈஸ்ட், தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டு வடிக்கும் பியர் வகையாகிய உண்மையான ஏலில் இஞ்சிக்கு வேலையே இல்லை. வாகனமோட்டியின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்று 2020 அக்டோபர் முதல் சட்டம் இறுக்கப்பட்டிருக்கும் நம் மலேசிய நாட்டில், போதை ஏறாது என்ற அந்த ஒரு வரியை நம்பி யாரேனும் இரண்டு போத்தலைக் குடித்துவிட்டுப் பினாங்குப் பாலத்தில் வண்டியை ஏற்றினால் என்ன ஆகும் என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

இதை நான் ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் வேலை பார்க்கும் என் மகளும் மாப்பிள்ளையும் சென்ற மாதம் விடுமுறையில் வந்தபோது, ஆளுக்கு ஒரு லிட்டர் என்ற சுங்க வரம்புக்கு உட்பட்டு, ஓர்க்னித் தீவில் வடித்த மூன்று போத்தல் ஏலைக் கைலியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஓர்க்னி என்பது ஸ்காட்லாந்தின் வடமுனைக்கு அப்பால் கிடக்கும் ஏறத்தாழ 70 தீவுகளின் கூட்டம். அவற்றில் பெரிய தீவு ஒன்றே நம் பினாங்குத் தீவைவிடப் பரப்பில் மிகுந்தது; ஆனாலும் அத்தனை தீவுகளையும் சேர்த்து எண்ணினால் மக்கள் சுமார் 22,000 பேர்தான். அங்கே குவைலூ என்ற சிற்றூரில், பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்த பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில், 1988இல் தொடங்கப்பட்டது ஓர்க்னி மதுவடிசாலை.

முதலில் திறந்தது 4 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட ரெட் மெக்கிரெகர். செந்நிறம், பிஸ்கட் வாசம், குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதாகத் திறந்த டார்க் ஐலண்ட், 4.6 விழுக்காடு, எங்களை நிறுத்தி வைத்தது. என் சம்பந்தி தம் வழக்கப்படி தம்ளரில் ஐஸ் கட்டிகளைப் போட்டே ஊற்றிக்கொண்டார். "இந்த வெயிலில் ஐஸ் இல்லாமல் எப்படிங்க சம்பந்தி?" என்று அவர் கேட்டதும் நியாயமே. அவருடைய தம்ளரில் இருந்தது கசப்புத் தண்ணீராகவே இருந்தது. அவரே அப்படித்தான் சொன்னார். அதே போத்தலிலிருந்து நான் ஊற்றி வைத்திருந்த தம்ளரை இருபது நிமிடம் கழித்து அவரிடம் நீட்டினேன். கோப்பி ஓ என்னும் பால் சேர்க்காத காப்பியைப் போன்ற கறுப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் மட்டும் சிவப்பு. மேலே தே தாரேக் என்னும் பால் தேநீரின் நிறத்தில் மெல்லிய நுரை. முதல் மிடறில் பேரீச்சம்பழமும், அடுப்பில் சற்றே கருகிப்போன கூலா மெலாக்கா என்னும் தென்னை வெல்லமும், கடைசியில் நாக்கின் அடியில் வறுத்த காப்பிக்கொட்டையின் கசப்பும் தெரிந்தன. சம்பந்தி ஒன்றும் பேசாமல் தம் தம்ளரில் கிடந்த ஐஸைச் சட்டியில் கொட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு வீட்டில் ஆட்டிறைச்சிப் பிரட்டல். இரண்டுக்கும் அப்படி ஒரு பொருத்தம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காரணம் விளங்காத மாயம் அன்று அது. நாம் கடையில் வாங்கும் பியர்களில் பெரும்பாலானவை, 1932இல் சிங்கப்பூரில் வடிக்கத் தொடங்கிய டைகர் உட்பட, லேகர் வகையைச் சேர்ந்தவை. குளிரில் நொதிக்க வைத்து, குளிரிலேயே வாரக்கணக்கில் கிடத்தி எடுப்பவை. ஆகவே சில்லென்று குடித்தாலும் அவற்றுக்குப் பெரிய இழப்பில்லை. ஏலை நொதிக்கவைக்கும் ஈஸ்ட் வேறு. அது ஏறக்குறைய 20 பாகை வெப்பத்தில், மேலே நுரைத்துப் பொங்கி வேலை செய்யும்போது பழவாசனைகளைப் பிறப்பிக்கிறது. அந்த வாசனைகள் ஐஸில் அடங்கிவிடுகின்றன. பிரிட்டனில் பீப்பாய் ஏலை நிலவறையில் வைத்து 11 முதல் 13 பாகையில் பரிமாறுவது இதனால்தான். நம் ஊரில் அந்த நிலவறை இல்லாவிட்டாலும், குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் மேசைமேல் வைப்பதற்கு யாருக்கும் செலவு ஆகாது. சீனர்கள் 'கறுப்பு நாய்' என்று கேட்டு வாங்கும் கின்னஸ் ஸ்டவுட் என்னும் கரிய பியரும் ஏல் குடும்பம்தான் என்பதைக் கட்டுரையாளருக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அதைப் போதை தராத பானம் என்று எழுத அவர் துணியமாட்டார்.

மூன்றாவது போத்தலின் பெயரே 'மண்டை பிளப்பவன்' என்று பொருள்படும் ஸ்கல் ஸ்பிளிட்டர். மறுநாள் காலைத் தலைவலியைக் குறிக்கும் பெயர் என்று நாங்கள் சிரித்தோம். உண்மையில் அது பத்தாம் நூற்றாண்டில் ஓர்க்னியை ஆண்ட தோர்ஃபின் என்னும் சிற்றரசனின் பட்டப்பெயர். இதில் ஆல்கஹால் 8.5 விழுக்காடு, அதாவது நம் வழக்கமான பியரைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு. இனிப்பு முன்னால் வந்து சூட்டைப் பின்னால் அனுப்புகிற வகை. அசந்தால் ஆளைச் சாய்த்துவிடும். நான்கு பேர் சிறு கிளாஸில் பங்கிட்டுக்கொண்டோம், அதுவே போதுமானதாக இருந்தது. 'லேசான பியர்' என்னும் சொற்றொடரை நான் முதன்மையாக மறுப்பது இந்தப் போத்தலை வைத்தே.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் 32 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து நான் வாங்கிய ஆங்கில ஏல் ஒன்று, நிறமற்ற போத்தலில், பிற்பகல் வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் எத்தனை நாள் நின்றதோ, திறந்ததும் தோட்டத்து ரப்பரின் நாற்றம் அடித்தது. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் வெளிச்சத்தில் சிதைந்து கந்தகம் கலந்த வாடையை உண்டாக்குவதால் வரும் கேடு இது. பழுப்பு நிறப் போத்தலில் இந்தக் கேடு மிகவும் குறையும். திருப்பிக் கேட்டபோது, இறக்குமதிச் சரக்கு அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது. அப்படி இராது. இருட்டான மூலையில் வைத்தால் போதும்.

கள், நறவு, தேறல், தோப்பி என்று பனையில் இறங்கியதையும் தெளிந்ததையும் அரிசியில் வடித்ததையும் தனித்தனிப் பெயரிட்டு அழைத்த மொழி நம்முடையது. அந்த மொழியில் வரும் ஒரு நாளிதழ் ஏல், லேகர், ஸ்டவுட் மூன்றையும் பிரித்து எழுதுவது கடினமான காரியம் அன்று. வரும் ஞாயிறு மலரில் ஒரு திருத்தம் வெளியிட்டு, ஏலில் ஆல்கஹால் உண்டு, அதன் விழுக்காடு போத்தலின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது என்ற இரண்டு வரிகளையாவது சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுகக் கணக்கர்,
பாகான் டாலாம், பட்டர்வொர்த்.