சருவத்தில் இருந்தது மட்டிப்பழம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் செவிலியராக வேலை பார்க்கிறேன். தினமும் மாலை அண்ணா பஸ் நிலையத்தில் குளச்சல் பஸ் ஏறுகிறவள். போன வாரம் ஒருநாள் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முட்டுவலிக்காரர். பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டி, எதைச் சாப்பாட்டுக்கு முன் போடவேண்டும், எதைப் பிறகு போடவேண்டும் என்று கேட்டார். சொன்னேன். பார்வதிபுரம் மேம்பாலம் தாண்டுவதற்குள் நான் அவருக்கு ‘மக்களே’ ஆகிவிட்டேன். பிள்ளையே என்று அன்பாக அழைக்க எங்கள் பக்கம் சொல்வது அது. மகள் வீட்டுச் சங்கதி, பேரன் படிப்பு எல்லாம் வந்தது. பரசேரி நெருங்கும்போதுதான் அந்தக் கேள்வியும் வந்தது. “மக்களுக்கு எந்த ஊர்?”

கொட்டில்பாடு என்றேன்.

“கடப்புறமா?”

கடலோர மீனவ ஊர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஆமாம் என்றேன். “பார்த்தால் அப்படித் தெரியவில்லையே” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார் போலிருக்கிறது. பிறகு, காலடியில் கிடந்த பையைத் தூக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். ‘மக்களே’ அதற்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை.

திங்கள்சந்தையில், மீன் விற்று முடித்த ஒரு பாட்டி ஏறினார். தலையில் சுமாடு, கையில் மீன் சுமக்கும் அலுமினியப் பாத்திரமான சருவம். பக்கத்து அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இவர்களையெல்லாம் எதற்கு ஏற்றுகிறீர்கள்? நாற்றம் தாங்கமுடியவில்லை” என்று கண்டக்டரிடம் சத்தம் போட்டார். கண்டக்டர் நல்ல மனிதர். காதில் விழாததுபோல் பாட்டிக்கு மகளிர் இலவச டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். சருவம் எனக்கு எதிரிலேயே இருந்ததால் எட்டிப் பார்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிய சருவம். உள்ளே கொஞ்சம் வெங்காயம், ஒரு மிக்சர் பொட்டலம், ஒரு சீப்பு மட்டிப்பழம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மாவட்டத்து மட்டி வாழைதான். பழுத்துவிட்டால் அதன் வாசம் மறைத்தாலும் மறையாது. அன்று பஸ்ஸில் வீசியது அதுதான்.

2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லிப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதும், அவர் பஸ் நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட வீடியோ பரவியதும், முதலமைச்சர் கண்டித்ததும், பணியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நான் பார்த்தவரை அதற்குப் பிறகு கண்டக்டர்கள் கவனமாகத்தான் இருக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரரை யார் பணியிடை நீக்கம் செய்வது?

நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு நினைவை 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் கொண்டாடினோம். அந்தப் போராட்டத்துக்கு இறங்கிவந்து 1859இல் திருவிதாங்கூர் மன்னர் போட்ட உத்தரவு, நாடார் பெண்கள் மீனவச் சாதியான முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத்துணி சுற்றிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாது என்றது. சலுகை கொடுக்கும்போதும் தாழ்வுக்கு அளவுகோலாக மீன்காரியைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் போராட்டத்தைப் பெருமையோடு பேசுகிற வீடுகளில்கூட ‘கடப்புறமா?’ என்ற சொல் இன்றும் அதே தொனியில் வருகிறதே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நர்சிங் படித்த காலத்தில் யாராவது ஊர் கேட்டால் ‘குளச்சல் பக்கம்’ என்று மழுப்புவேன். கேட்பவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்ற தந்திரம். அன்றும் அந்த அம்மாளிடம் நான் வாய் திறக்கவில்லை. எழுந்து என் இடத்தைப் பாட்டிக்குக் கொடுத்தேன், அவர் உட்காரவில்லை. பின்படிக்கட்டு அருகிலேயே சருவத்தை இரு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றார். இருக்கை காலியாகக் கிடந்தாலும் எங்கள் பெண்கள் அங்கேதான் நிற்பார்கள். என் அம்மாவும் நாற்பது வருடம் அங்கேதான் நின்றார். பின்படிக்கட்டுப் பக்கம் மீன்காரப் பெண்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கலாமே என்று என்னோடு வேலை செய்யும் ஒருவர் யோசனை சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் வேண்டவே வேண்டாம். இப்போது பழக்கத்தால் நிற்கிறார்கள், அப்புறம் விதிப்படி நிற்கவேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அந்த அம்மாள் எந்த நிறுத்தத்தில் இறங்கினார் என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

“அந்த ஊரா? அங்கே எனக்கு ஏழு வீடு வாடிக்கை இருந்ததே. செவ்வாய், வெள்ளி தவிர தினமும் போகவேண்டும். ஒருநாள் சாளை கொண்டுபோகாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்” என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொட்டில்பாடு, கன்னியாகுமரி மாவட்டம்