நுனித்துண்டு

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில அம்மா சொல்ல முதல் நானே சொல்லிப்போடுறன். நீ குடுத்துவிட்ட தூண்டில் தடியின்ர நுனித்துண்டு முறிஞ்சு போச்சு. மீன் முறிக்கேல்லை. எப்பிடி எண்டதைப் பிறகு சொல்லுறன், முதல்ல மற்றக் கதையைக் கேள்.

பார்சலை அவிழ்த்த அண்டைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏழரை அடித் தடி, நாலு துண்டு, பூட்டிக் கையில பிடிச்சால் ஈர்க்கு மாதிரி. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில தங்கூசியில ஈயம் கட்டி எறிஞ்சு வளர்ந்தவனுக்கு இது சின்னப்பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமான். ஈ மாதிரித் தெரிய இறகு சுத்தின அந்தக் கொக்கியில பாரமே இல்லை. எறிஞ்சால் காலடியில விழுந்தது. கொக்கியை எறியிறேல்லை அப்பா, நூலைத்தான் எறியிறது எண்டு நீ ரெண்டு தரம் சொல்லியும் மண்டைக்குள்ள ஏறேல்லை. பிறகு கணக்குப் பாத்தன். நூல் 2ஆம் நம்பர், பாரம் குறைஞ்ச வகை. அதின்ர முன் 30 அடி 5 கிராம் சொச்சம். ஒரு தேக்கரண்டி சீனி. அதை 30 அடிக்கு இழுத்து ஆகாயத்தில விரிக்கச் சொல்லுறாய்!

முதல் பழக்கம் விடியக்காலமை கடற்கரையில, றெயில் பாதைக்கு அங்கால. கொக்கிக்குப் பதிலா அம்மாவின்ர சிவப்புக் கம்பளி நூலில ஒரு முடிச்சு. கடல் காத்து நூலைத் திருப்பி என்ர கழுத்திலயே சுத்திவிட்டுது. நடக்க வந்த ஒராள் நிண்டு பாத்திட்டு, "ஐயா, பட்டமோ?" எண்டு கேட்டார். இவ்வளவு மெல்லிய நூல் காத்தை வெட்டிக்கொண்டு போகாது. கடற்கரையை விட்டிட்டன்.

காத்தை விட என்ர அவசரம்தான் பெரிய வில்லங்கம். பின்னால வீசின நூல் முழுக்க நீளுமட்டும் பொறுக்க வேணும். நான் பாதியில முன்னுக்கு இழுத்துப்போடுவன். சவுக்கு மாதிரிச் சடார் எண்டு கேக்கும். பாத்தால் நுனியில கொக்கி இல்லை. நீ கட்டி அனுப்பின ஏழில நாலு அப்பிடித்தான் போச்சு. (இப்ப இறைச்சிக்கடையில சேவல் கழுத்து இறகு வாங்கி, தையல் நூலால நானே சுத்துறன். வடிவில்லை, ஆனால் மிதக்குது.) கடைசியில ஒரு வழி கண்டுபிடிச்சன். பின்னால வீசினதும் வாய்க்குள்ள உன்ர பேரைச் சொல்லுறது. கூப்பிடுற பேர் காணாது, பள்ளிக்கூடத்தில பதிஞ்ச முழுப்பேர். அதைச் சொல்லி முடிக்க நூல் நேராகிவிடும்.

போன புதன்கிழமை 100ஆம் நம்பர் பஸ்ஸில மொறட்டுவைக்குப் போய், ஓட்டோ பிடிச்சு பொல்கொடை வாவிக்குப் போனன். நீ கனடாவில, கல்கரியில ஆத்துக்குள்ள இறங்கி நிக்கிற மாதிரி இஞ்ச நிக்கேலாது, முதலை இருக்குது. கரையிலயே நிண்டன். பக்கத்தில ஒரு சிங்களப் பெரியவர் மூங்கில் தடியில பாண் உருண்டை குத்தி ஆறு மீன் தூக்கிப்போட்டார். எனக்குப் பத்தரை மட்டும் ஒண்டுமில்லை. பிறகு நூல் மிதந்த இடத்தில தண்ணி ஒருக்காச் சுழிச்சுது. கையைத் தூக்கினன். தடி நுனியிலயிருந்து என்ர பிடி மட்டும் வளைஞ்சுது பிள்ளை! அது ஒவ்வொரு தரம் தலையை ஆட்டினதும் உள்ளங்கையில தெரிஞ்சுது. மேல எடுத்துப் பாத்தால் என்ர கையளவு திலாப்பியா. பெரியவர் பாத்திட்டு, பாவம் எண்டு தன்ர மீனில ரெண்டைத் தந்தார்.

வெள்ளைக்காரத் துரைமார் 1880களில ட்ரவுட் மீன் முட்டையைக் கப்பலில கொண்டுவந்து நுவரெலியா ஓடையளில விட்டது தங்கட பொழுதுபோக்குக்கு. ஆபிரிக்க மீனான திலாப்பியா 1952இல வந்து எங்கட சனத்தின்ர சட்டிக்குள்ள போனது. இந்தத் தடி ட்ரவுட்டுக்கு எண்டு செய்தது எண்டாலும், திலாப்பியா அதைக் குறைவா நினைக்கேல்லை.

இனி முறிஞ்ச கதை. வீட்டை வந்து, தடி எப்பிடி வளைஞ்சதெண்டு அம்மாவுக்குக் காட்ட ஹோலுக்குள்ள பூட்டினன். கரண்ட் இல்லாத நேரம். "பார், இப்பிடித்தான்" எண்டு தூக்கினன். கரண்ட் வந்திட்டுது. மேல பான் சுத்தத் தொடங்கினது எனக்குத் தெரியேல்லை. டக் எண்டு ஒரு சத்தம், நுனித்துண்டு ரெண்டாப் போய் ஒரு பாதி சாமிப்படத்துக்குப் பின்னால விழுந்தது. அம்மா சிரிச்ச சிரிப்புக்கு மேல்வீட்டு ஆக்கள் இறங்கி வந்தவை.

மற்ற மூண்டு துண்டும் சுகம். நுனி மட்டும் தனியா விப்பாங்கள் எண்டு நினைக்கிறன். தபாலில அனுப்பாதை, வழியில முறிச்சுப்போடுவாங்கள். டிசம்பரில வாறதெண்டால் கையில கொண்டுவா.

அப்பா