அலெக்சாண்டரின் மரணம்: சான்று எது, ஊகம் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசிடோனிய மன்னர் அலெக்சாண்டரின் மரண மர்மம் விலகிவிட்டது என்று தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பழங்கால வரலாற்றுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அந்தத் தலைப்பை ஏற்க முடியவில்லை. 1998-இல் டைபாய்டு, 2003-இல் மேற்கு நைல் வைரஸ், 2014-இல் வெள்ளை ஹெல்லிபோர் என்னும் நச்சுச்செடி, 2018-இல் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் என ஆய்விதழ்களில் விளக்கங்கள் அடுத்தடுத்து வந்துள்ளன. இவற்றுள் எதற்கும் புதிய சான்று கிடைத்துவிடவில்லை. மன்னர் இறந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முதல் நானூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் வரை கழித்து எழுதப்பட்ட அதே சில பக்கங்களை ஆய்வாளர்கள் வெவ்வேறு விதமாகப் படித்திருக்கிறார்கள், அவ்வளவே.

கி.மு. 323 ஜூன் மாதத்தில், 33 வயது நிறைவதற்கு முன்பே, பாபிலோனில் அவர் இறந்தார் என்பது உறுதி. பாபிலோனிய வானியலாளர்கள் நாள்தோறும் எழுதிவந்த களிமண் பலகைகளில் ஒன்று இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மன்னர் இறந்தார், மேகமூட்டம் என்ற அளவில் அன்றைய குறிப்பு முடிந்துவிடுகிறது. அந்நாளிலேயே எழுதப்பட்ட அந்தச் சான்று மரணத்தின் காரணத்தைச் சொல்லவில்லை. உடல் எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் அலெக்சாந்திரியாவில் அடக்கம் செய்யப்பட்டது. அந்தக் கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது. ஆகவே ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்க ஓர் எலும்புத் துண்டுகூட நம்மிடம் இல்லை.

நோயின் போக்கைச் சற்று விரிவாகத் தருபவர்கள் ரோமானியர் காலத்துக் கிரேக்க எழுத்தாளர்களான புளூட்டார்க்கும் அர்ரியனும். அரச நாட்குறிப்புகளை ஆதாரமாகக் காட்டி அவர்கள் எழுதுவதன்படி, மீடியஸ் என்ற நண்பரின் வீட்டில் விருந்துண்ட அலெக்சாண்டருக்குக் காய்ச்சல் கண்டது. படுக்கையோடு தூக்கிச் செல்லப்பட்டு அன்றாட வழிபாட்டை நிறைவேற்றினார். அரேபியக் கடற்பயணம் பற்றி நியார்க்கசுக்கும் மற்ற தளபதிகளுக்கும் கட்டளைகள் பிறப்பித்தார். பத்து நாட்களுக்கும் மேலாகக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போய், இறுதியில் பேச்சு நின்றது. வரிசையாக உள்ளே வந்த போர்வீரர்களைத் தலையைச் சற்றே உயர்த்திக் கண்ணாலேயே வரவேற்றார் என்கிறார் அர்ரியன். இந்த நாட்குறிப்புகளே பிற்காலத்தில் புனையப்பட்டவையாக இருக்கலாம் என ஐயுறும் அறிஞர்களும் உண்டு என்பதைக் கட்டுரை குறிப்பிட்டிருக்க வேண்டும்.

நஞ்சூட்டப்பட்டார் என்ற கதைக்குத் தங்கள் கட்டுரை பெரும்பகுதியைத் தந்திருக்கிறது. மாசிடோனியாவை மன்னரின் பிரதிநிதியாக ஆண்டுவந்த ஆண்டிபேட்டர் அனுப்பிய நஞ்சை அவருடைய மகனும் மன்னருக்கு மதுவேந்தும் பணியாளருமான இயோலாஸ் கலந்து கொடுத்தார் என்பதும், அரிஸ்டாட்டிலுக்கும் அதில் பங்கிருந்தது என்பதும் பழைய வதந்திகள். அர்ரியன் இவற்றைத் தாம் நம்பவில்லை என்று சொல்லியே பதிவு செய்கிறார். அப்போது எவருக்கும் இந்தச் சந்தேகம் எழவில்லை என்றும், சில ஆண்டுகள் கழித்தே அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸ் பலரைக் கொன்று இயோலாஸின் எச்சங்களையும் சிதறடித்தார் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். அந்த நேரத்தில் ஒலிம்பியாஸின் பரம எதிரி, இயோலாஸின் சகோதரர் கசாண்டர். அதிகாரப் போட்டியில் யாருக்குப் பயன்படுகிறது என்று பாராமல் இந்தக் குற்றச்சாட்டை அப்படியே ஏற்பது முறையாகாது.

அறிகுறிகளை எடுத்தாளும் விதம் எனக்கு இன்னும் கவலை தருகிறது. பாபிலோன் மதிலருகே அண்டங்காக்கைகள் சண்டையிட்டுச் செத்து விழுந்தன என்ற புளூட்டார்க்கின் வரியே, பறவைகளையும் தாக்கும் மேற்கு நைல் வைரஸ் என்ற கருத்துக்கு முக்கிய ஆதாரம். ஆனால் அது தீய நிமித்தங்களின் பட்டியலில் வரும் செய்தி. அதே பட்டியலில், வளர்ப்புக் கழுதை ஒன்று மிகப் பெரிய சிங்கத்தை உதைத்துக் கொன்றதாகவும் இருக்கிறது. ஒன்றை மருத்துவச் சான்றாகக் கொண்டு மற்றதை விட்டுவிடுவதற்கு என்ன அளவுகோல்? அதுபோலவே, வெப்பத்தில் கிடந்தும் உடல் பல நாள் அழுகவில்லை என்ற செய்தியை நஞ்சில்லை என்பதற்குச் சான்றாகப் பண்டைய எழுத்தாளர்கள் சொல்ல, உடல் செயலிழந்திருந்ததேயன்றி உயிர் அப்போது பிரியவில்லை என்பதற்குச் சான்றாக 2018-இல் வந்த கில்லன்-பாரே ஆய்வு சொல்கிறது. தெய்வமாகப் போற்றப்பட்ட ஒருவரைப் பற்றிப் பிறர் சொல்லக்கூடிய புகழுரையாக அது இருக்கலாம் என்பதே என் கருத்து.

சதுப்பு நிலம் சூழ்ந்த நகரம், அண்மையில் அந்தச் சதுப்புகளினூடே செய்த படகுப் பயணம், சில ஆண்டுகளுக்கு முன் இந்தியப் படையெடுப்பில் மார்பில் பாய்ந்த அம்பின் காயம், நாள்தோறும் ஏறிய காய்ச்சல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், மலேரியாவோ டைபாய்டோ போன்ற தொற்றுக் காய்ச்சலே பொருத்தமாகத் தோன்றுகிறது. அதற்குமேல் நோயின் பெயரைச் சொல்லப் புளூட்டார்க்கும் அர்ரியனும் தரும் வரிகள் போதா.

வரலாற்றை முதன்முதலில் நாளிதழ் வழியாகவே அறியும் மாணவர்கள் ஏராளம். எனவே இக்கருத்துகள் ஒவ்வொன்றும் எந்தப் பண்டைய நூலின் எந்தச் செய்தியைச் சார்ந்திருக்கிறது என்பதைத் தொடர் கட்டுரையாக வெளியிட வேண்டும் என்றும், மர்மம் விலகியது என்ற தலைப்புக்கு ஒரு திருத்தக் குறிப்பு தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வரலாற்று ஆசிரியர் (ஓய்வு), கும்பகோணம்.