ரப்பர் ஆசிட்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் விற்பதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
சிறு ரப்பர் விவசாயி ஒருவரும் உடன் கையொப்பமிட்டுள்ள ஊர்க்காரர்களும்,
திருவட்டார் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாகர்கோவில்.

பொருள்: ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டைப் பெயர் எழுதாத பாட்டிலில் சில்லறையாக விற்பதைத் தடுத்தல், முதலுதவிக்கு ஏற்பாடு செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு ஒரு ஏக்கர் ரப்பர் இருக்கிறது. ஏறக்குறைய இருநூறு மரம். பட்டையைக் கீறிப் பால் வெட்டுவதும் நான்தான், பால் எடுப்பதும் ஷீட் அடிப்பதும் நான்தான். உடன் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் என்னைப் போன்றவர்கள், மீதிப் பேர் கூலிக்குப் பால் வெட்டுகிறவர்கள்.

ஷீட் அடிப்பதைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து, டிஷ் என்கிற தட்டில் ஊற்றுவோம். பாலுக்கு மோர்த்துளி விட்டால் தயிராகிற மாதிரி, இதற்கு ஆசிட் விட்டால்தான் உறையும். உறைந்ததை ரோலரில் கொடுத்துத் தகடாக்கி, வெயிலிலும் புகையிலும் காய வைத்து விற்போம். ஒரு ஷீட்டுக்குத் தேவையான ஆசிட் இரண்டு மூன்று மில்லிதான். அதையும் நிறையத் தண்ணீரில் கலந்துதான் விட வேண்டும். எனக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு ஷீட் கிடைக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டு. ஆக, ஒரு லிட்டர் ஆசிட் வாங்கினால் இரண்டு மாதம் வரும். அந்த இரண்டு மாதமும் அது வீட்டில்தான் இருக்கும்.

பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. கடைக்கு ஆசிட் வருவது 35 கிலோ கேனில். கேனில் பெயர், படம், எச்சரிக்கை எல்லாம் அச்சடித்திருக்கிறது. ஆனால் எங்களில் யாரும் கேனாக வாங்குவதில்லை. கடைக்காரர் காலி மினரல் வாட்டர் பாட்டிலில், சில சமயம் பிராந்தி பாட்டிலில், புனல் வைத்து ஊற்றித் தருவார். அதில் ஒரு எழுத்தும் இருக்காது. ஆசிட்டுக்கு நிறமும் கிடையாது. மூடியைத் திறந்து மூக்கருகில் கொண்டு போனால்தான் தண்ணீர் இல்லை என்று தெரியும். தாகத்தில் வருகிறவர் மூக்கருகில் வைத்தா பார்ப்பார்? தை, மாசியில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும்போது, மிச்சமுள்ள பாட்டில் அடுக்களை மூலையிலோ ஜன்னல் படியிலோ மறந்து கிடக்கும். கூலி ஆட்கள் குடிக்கக் கொண்டுவரும் தண்ணீரும் அதே மாதிரி பாட்டிலில்தான், கொட்டகையில் பக்கத்துப் பக்கத்தில்.

மாமரத்து முசுறு எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த எரிச்சலுக்குக் காரணம் இதே அமிலம்தான். முசுறு விடுவது ஒரு துளிக்கும் குறைவு. எங்கள் பாட்டிலில் இருப்பது 85 சதவீதம். தோலில் பட்டால் வேகும். கண்ணில் பட்டால் கருவிழி வெந்துவிடும். உள்ளே போனால் தொண்டையும் குடலும் புண்ணாவதோடு நிற்காது. ரத்தத்தில் கலந்து, சிவப்பணுக்களை உடைத்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன ஆனி மாதம் என் மனைவியின் தம்பி உதவிக்கு வந்திருந்தான். மழை பிடிக்கப் போகிறது, பால் கெட்டுவிடும் என்று அவசரம். பாட்டில் மூடி இறுக்கமாக இருந்தது. இடது கையால் பாட்டிலை அழுத்திப் பிடித்துத் திருகினான். மினரல் வாட்டர் பாட்டில்தானே, மெல்லிய பிளாஸ்டிக். மூடி திறந்ததும் பாட்டில் நசுங்கி ஆசிட் பீய்ச்சி அடித்தது, நேராக வலது கண்ணில். கெட்டியான பாட்டிலாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று இன்றும் தோன்றுகிறது.

அப்புறம் நாங்கள் செய்தது எல்லாமே தப்பு. கொட்டகையில் அரை வாளித் தண்ணீர்தான் இருந்தது. இரண்டு நிமிடம் முகத்தில் அடித்துக் கழுவினோம். ஒருவர் தாய்ப்பால் விடச் சொன்னார், இன்னொருவர் இளநீர் என்றார். சண்டை போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்று ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிட்டோம். மருத்துவமனையில் செவிலியர் கேட்ட முதல் கேள்வி, “என்ன ஆசிட், எத்தனை சதவீதம்?” ரப்பர் ஆசிட் என்றோம். ரப்பர் ஆசிட் என்று ஒரு மருந்துப் புத்தகத்திலும் இருக்காது. எங்கள் பக்கத்தில் விலை குறைவு என்று சிலர் சல்ஃப்யூரிக் ஆசிட்டும் ஊற்றுகிறார்கள், அதனால் அவர் கேட்டது நியாயம்தான். கடைக்குப் போன் போட்டால், ஒன்பது மணிக்குத்தான் கடை திறப்பார்களாம். அங்கிருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், குழாய் வைத்து நெடுநேரம் கழுவினார்கள். ஆனால் கண் மருத்துவர் பின்னால் சொன்னது மனதில் நிற்கிறது: ஆட்டோவில் வந்த நேரத்தைக் கிணற்றடியில் கழுவுவதில் செலவழித்திருந்தால் பார்வை இன்னும் மிஞ்சியிருக்கும். இப்போது அவனுக்கு அந்தக் கண்ணில் எல்லாமே புகை மூட்டமாகத்தான் தெரிகிறது.

சரி, சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆசிட் வீச்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18 அன்று போட்ட உத்தரவின்படி, சில்லறையாக ஆசிட் விற்கிறவர் பதிவேடு வைக்க வேண்டும். வாங்குகிறவரின் முகவரி, புகைப்பட அடையாள அட்டை, வாங்கும் காரணம் எல்லாம் குறிக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக் கூடாது. கையிருப்பை 15 நாளுக்குள் உட்கோட்ட நடுவரிடம், அதாவது சார் ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ, தெரிவிக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். இத்தனை வருடமாக ஆசிட் வாங்குகிறேன், என்னிடம் யாரும் ஆதார் கேட்டதில்லை. என் பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையனை அனுப்பினாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகள் பெரிய ஆலைகளையும் கிடங்குகளையும் மனதில் வைத்து எழுதியவை. ஓலைக் கொட்டகையில் ஒரு பாட்டில் வைத்திருப்பவனை அந்த விதிகள் எட்டுவதில்லை.

கடையை மூடச் சொல்லி இந்த மனு இல்லை. ஆசிட் இல்லாமல் ஷீட் இல்லை, ஷீட் இல்லாமல் எங்களுக்குச் சோறு இல்லை. நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: குடிதண்ணீர் பாட்டிலிலும் மது பாட்டிலிலும் ஆசிட் ஊற்றி விற்பதை உடனே தடை செய்யுங்கள். தடித்த பிளாஸ்டிக் கேனில், குழந்தை திறக்க முடியாத மூடியோடு, தமிழிலும் எல்லைப் பகுதிக்காக மலையாளத்திலும் பெயரும் சதவீதமும் எச்சரிக்கையும் ஒட்டி மட்டுமே விற்க வேண்டும். பழைய கேனைத் திருப்பிக் கொடுத்தால் பணம் கழிக்கும் வழக்கம் கொண்டுவந்தால், காலிக் கேனில் யாரும் மண்ணெண்ணெயோ தண்ணீரோ பிடித்து வைக்க மாட்டார்கள்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. 85 சதவீதத்தை எங்கள் கையில் தராமலே இருக்கலாம். ரப்பர் வாரியத்தின் கீழ் இயங்கும் உற்பத்தியாளர் சங்கங்கள் பல ஊரில் இருக்கின்றன. அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் பத்து சதவீதமாகக் கலந்து கேனில் அடைத்துத் தந்தால் போதும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு லிட்டர் ஆசிட் கிட்டத்தட்ட பத்து லிட்டர் கேனாகும். தூக்குவதற்குக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். பத்து சதவீதமும் விளையாட்டுப் பொருளல்ல, கண்ணில் பட்டால் அதற்கும் கழுவித்தான் ஆக வேண்டும். ஆனால் பாதிப்பில் பெரிய வித்தியாசம் இருக்கும். கோட்டயத்திலுள்ள ரப்பர் வாரியத்தோடு தாங்கள் பேசினால் இது நடக்கும் என்று நம்புகிறோம். அரசு ரப்பர் கழகத் தோட்டங்களிலிருந்தே தொடங்கலாம்.

அடுத்தது முதலுதவி. ஆசிட் விற்கும் ஒவ்வொரு கடையிலும் சங்கத்திலும் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள். அதில் எழுத வேண்டியது அதிகமில்லை. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. உடம்பில் பட்டால் துணியைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவ வேண்டும். கண் என்றால் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு கழுவ வேண்டும். பற்பசை, தேங்காய் எண்ணெய், தாய்ப்பால், சுண்ணாம்பு எதுவும் கூடாது. குடித்துவிட்டால் வாயைக் கொப்பளிக்க வைக்கலாம், ஆனால் உப்புத் தண்ணீரோ புளித்தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. போகும்போது வெந்த தொண்டையை வரும்போது மறுபடியும் வேகவைக்கும். 108-க்குச் சொல்லும்போது ‘ஃபார்மிக் ஆசிட், 85 சதவீதம்’ என்று சொல்லி, கேனையும் கையோடு கொண்டுபோக வேண்டும். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. அதையும் பலகையில் பெரிதாக எழுதலாம். மலையோர ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவரிலும் அது இருந்தால் இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு உதவும்.

தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல கொட்டகைகள் மேட்டில் இருக்கின்றன, குழாய் கிடையாது. ஷீட் அடிக்கும் இடத்தில் எப்போதும் நிறைந்த ஒரு டிரம்மும் ஒரு மக்கும் இருக்க வேண்டும் என்பதை மானியத்துக்கு நிபந்தனையாக்கினால் எல்லோரும் வைப்பார்கள். கண்ணாடி, கையுறை, ஏப்ரன் மூன்றையும் ஒரு பையாகத் தரலாம். ஊருக்கெல்லாம் ரப்பர் கொடுக்கிற எங்கள் கையில் ஒரு ரப்பர் உறை கிடையாது. சிரித்துவிட்டு விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது.

கடைசியாக, வழியில் கொட்டுவது. கேன்கள் ஆட்டோவிலும், சில நேரம் ஆட்களோடு சேர்த்து வேனிலும் வருகின்றன. ஒருமுறை எங்கள் முக்கில் ஒரு கேன் சரிந்து உடைந்தபோது, மரத்தூள் போட்டு மூடிவிட்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கால்வாயில் தள்ளினார்கள். கீழே கோதையாற்றுத் தண்ணீரில் குளிப்பவர்கள் இருக்கிறார்கள். மணலால் அணை கட்டி, ஆட்களைக் காற்று வரும் பக்கம் ஒதுக்கிவிட்டு, சோடா உப்போ சுண்ணாம்போ தூவிச் சேகரிக்க வேண்டும் என்று தீயணைப்புத் துறையினர் ஊர் ஊராக ஒரு செய்முறை காட்டினால் போதும். ஷீட் காலம் சூடுபிடிப்பதற்கு முன், அதாவது மழை முடிந்து புரட்டாசிக்குள், அதை நடத்திக் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

மேலே சொன்ன தடையை நடைமுறைப்படுத்தும்படி பத்மநாபபுரம் சார் ஆட்சியருக்கும் நாகர்கோவில் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் தாங்கள் உத்தரவிட வேண்டும். எடுத்த நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாக எங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்.

இணைப்பு: நாங்கள் சென்ற வாரம் ஒரே கடைவீதியில் வாங்கிய மூன்று பாட்டில்களின் படம். மூன்றிலும் குடிதண்ணீர் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திருவட்டார் வட்டச் சிறு ரப்பர் விவசாயிகளும் பால்வெட்டுத் தொழிலாளர்களும்